சோடாவுக்கு, நீலச் சட்டை விஷயமாக

ஆகஸ்ட் 2025

அன்புள்ள சோடா,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நடுவில் இரண்டு முறை போனில் பேசினோமே என்பாய். அவசரத்தில் பேசியதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. தங்கச்சியின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகப் பெரியவர் சொன்னார், சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவியின் வாயைக் கட்டியாகிவிட்டது. மற்ற சேதி எல்லாம் பிறகு.

ஒரே நாளில் இரண்டு அடி விழுந்தது, அதனால்தான் எழுதுகிறேன். காலையில் பஸ்ஸில் போகும்போது, நம் கால்பந்து கிளப் சென்னையின் எஃப்சி தன் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறது என்ற அறிவிப்பைப் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். சாயங்காலம் நீ அனுப்பிய படம் வந்தது. உன் பையன், கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டையில், யானைப் படத்தோடு! கொச்சியில் குடியிருந்தால் பிள்ளை அப்படித்தான் வளரும் என்று எழுதியிருக்கிறாய். சோடா, நீயாடா இதை எழுதுகிறாய்? இந்தியன் சூப்பர் லீக்கில் மூன்று இறுதி ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்ற அணி அது. 2014, 2016, 2022. பையனுக்கு முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடு. உங்கள் ஊர்க் கேலரியில் வரும் கூட்டத்தை நான் மறுக்கவில்லை, அது பொறாமைப்பட வேண்டிய கூட்டம்தான். ஆனால் அந்த மஞ்சளை நாம் இருவரும் முதன்முதலில் பார்த்த இரவு உனக்கு மறந்திருக்காது.

2014 டிசம்பர், நேரு ஸ்டேடியம், அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் நம்மவர்கள் 3-0 என்று அடி வாங்கிவிட்டு வந்திருந்தார்கள். போகாதே, வீண் செலவு என்று ஊரே சொன்னது. நாம் போனோம். சில்வெஸ்டர் ஒன்று போட்டார், பிறகு அவர்கள் பக்கம் ஒரு சொந்த கோல், 90-வது நிமிடத்தில் ஜெஜெ மூன்றாவதைப் போட்டபோது நீ என் தோளைக் கடித்தாய். தழும்பு இல்லை, ஆனால் இடம் தெரியும். இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-3. கூடுதல் நேரத்தில், 117-வது நிமிடத்தில், அவர்களுடைய பியர்சன் போட்ட ஒரு கோலில் எல்லாம் போயிற்று. வேளச்சேரி வரை ஒரு வார்த்தை பேசாமல் நடந்தோம். நான் இந்த அணியோடு கட்டப்பட்டது அன்றைக்குத்தான். ஜெயித்த நாளில் இல்லை. உலகக் கோப்பை இறுதியில் ஜிடான் தலையால் முட்டிய அதே மட்டராசி நம் கோச்சாக நம் ஊர்ப் புல்லில் நிற்கிறார் என்பதெல்லாம் முதல் வாரத்து வியப்பு. அந்தத் தோல்வி வேறு.

அடுத்த ஆண்டு வெள்ளம். அதைப் பற்றி நாம் அதிகம் பேசிக்கொண்டதில்லை. உன் வீட்டுக் கீழ்த்தளத்தில் தண்ணீர் வடிந்து, சேறு காய்ந்து, தங்கச்சியின் தையல் மெஷினை வெயிலில் வைத்திருந்த வாரம் அது. நகரம் இருந்த நிலையில் இங்கே ஆட முடியாமல், நம் சொந்த மைதான அரையிறுதியைப் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தபோது என் வீட்டு மாடியில் பன்னிரண்டு பேர் நின்று பார்த்தோம். உட்கார நாற்காலி இல்லை. சோகத்தில் இருந்தவர்களுக்குக் கால்பந்து மருந்து என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். பொருளை இழந்தவர்களுக்குப் பொருள் திரும்பவில்லை. ஆனால் பத்து நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் முதல்முறையாக யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். அது உன் அப்பா.

டிசம்பர் 20, கோவாவின் ஃபதோர்டா, இறுதி ஆட்டம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனது. அத்தோடு முடிந்தது என்று நீ எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாய். 90-வது நிமிடத்தில் அவர்களுடைய கோல்கீப்பர் கட்டிமணியின் சொந்த கோல், இரண்டு நிமிடத்துக்குள் மெண்டோசா. 3-2. தம்ளரோடு திரும்பி வந்த நீ இரண்டு கோலையும் நேரில் பார்க்கவில்லை என்பதை இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை.

அப்புறம் நம் பழைய வழக்கு. 2015 அணியா, 2018 அணியா? விங்கில் ஆடியவனுக்கு மெண்டோசாதான் தெய்வம், அது புரிகிறது. அந்த ஆண்டு 13 கோல், லீக்கிலேயே அதிகம். கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகமாக இருக்கும். ஆனால் அந்த அணி ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்ததே! கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று மேலே ஏறியது. அது வெறி. அழகான வெறி, ஆனால் வெறியை நம்பி அணி கட்ட முடியாது. 2018 அணி கட்டப்பட்ட அணி. கோச் ஜான் கிரெகரி பெரிய பெயர் எதையும் கொண்டுவரவில்லை. தடுப்பாட்டத்தில் மெயில்சன், செரேனோ என்று இரண்டு தூணை நட்டார். ஸ்டாப்பராக ஆடிய என் கண்ணுக்கு இந்த லீக்கில் அந்த ஜோடிக்கு இணையாக இன்றுவரை யாரும் வந்ததாகத் தெரியவில்லை. செரேனோ பந்து எங்கே வரும் என்று படிப்பார், மெயில்சன் அங்கே போய் நிற்பார். முன்னால் ஜெஜெ முதுகைக் கொடுத்துப் பந்தைப் பிடித்து வைப்பார். 11 பேரும் ஒரே வேகத்தில் நகர்வதைக் கேலரியிலிருந்து பார்த்தால் ஒரு வலையை இழுப்பது போலிருக்கும்.

அந்த மார்ச் 17-ஐ நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. பெங்களூரு, கண்டீரவா ஸ்டேடியம், இறுதி ஆட்டம். சுற்றிலும் அவர்கள் ஆட்கள், நாம் ஒரு மூலையில். 9-வது நிமிடத்தில் சேத்ரி தாவி விழுந்து தலையால் போட்டார். அந்தச் சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது. பிறகு ஒரு கார்னர், மெயில்சனின் தலை. இடைவேளைக்குச் சற்று முன் இன்னொரு கார்னர், அதே தலை. ஸ்டாப்பர்கள் கோப்பை வாங்கித் தரமாட்டார்கள் என்று நீ பதினைந்து வருஷமாகச் சொல்லிவந்ததற்கு இரண்டு பதில். 67-வது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டதும் சித்தப்பா அழ ஆரம்பித்தார். பட்டியலில் முதலிடத்தில் முடித்த அணியை, அவர்கள் மைதானத்திலேயே, ஒரு கோல் பின்தங்கிய பிறகு 3-2 என்று வீழ்த்தினோம். இதைவிடப் பெரிய வெற்றி நமக்கு இனி வந்தாலும் எனக்கு இந்த ஒன்று போதும்.

ஆனால் சோடா, நான் சொல்ல வந்தது அந்த இறுதி ஆட்டம்கூட இல்லை. அதற்கு நான்கு நாள் முன்னால் நடந்தது.

தமிழையா ஞாபகம் இருக்கிறதா, 2014-இல் கிளப்பின் பெயரைச் சொன்னதும் முகத்தைச் சுளித்தாரே. "சென்னையின்... சரி, சென்னையின் என்ன? பின்னால் பெயர்ச்சொல் எங்கேடா?" சாரியை, உருபு என்று கால் மணி நேரம் வகுப்பு நடத்தினார். நாம் சிரித்துவிட்டு வந்தோம். எனக்கு அது உள்ளே தங்கிவிட்டது. கோப்பை வாங்கித் தந்தது கொலம்பியா, மிசோரம், பிரேசில். கோச் இத்தாலி, இங்கிலாந்து. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல ஆட்டக்காரன் எங்கிருந்து வந்தாலும் நம்மவன்தான். ஜெஜெயைவிட நம்மவர் யார்? பதினெட்டு வயதில் வந்து, இங்கேயே வளர்ந்து, கேப்டனாகி, 2023-இல் மோகன் பகானுக்குப் போன தாப்பாவுக்காக நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இருந்தாலும் ஐயாவின் கேள்வி அப்படியே நின்றது.

2018 மார்ச் 13, நேரு ஸ்டேடியம், கோவாவுடன் இரண்டாவது அரையிறுதி. முதலில் ஜெஜெ. மூன்று நிமிடம் கழித்து தன்பால் கணேஷ் தலையால் ஒன்று. வியாசர்பாடிப் பையன். குட்டி பிரேசில் என்று நாம் கூப்பிடும் அந்தத் தெருக்களில் பந்து உதைத்து வளர்ந்தவன், தன் ஊர் ஸ்டேடியத்தில், தன் ஊர்ப் பெயர் பொறித்த சட்டையில், அரையிறுதியில் கோல் போடுகிறான். நமக்கு முன்வரிசையில் இருந்த அந்த லுங்கி கட்டிய பெரியவர் "எங்க புள்ள, எங்க புள்ள" என்று திரும்பித் திரும்பி எல்லோரிடமும் சொன்னாரே. அவருக்கு உறவா, தெருக்காரரா, கேட்கவே இல்லை. அந்த நிமிடம்தான் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்து நின்றது. ஐயா அப்போது இல்லை. இருந்திருந்தால் அன்றிரவே கதவைத் தட்டியிருப்பேன்.

அடுத்த பருவம் முழுக்கக் கணேஷ் முழங்கால் காயத்தில் இல்லை. சாம்பியன் அணி 18 ஆட்டத்தில் 2 மட்டும் வென்று, 9 புள்ளியோடு கடைசியில் முடிந்தது. அது கணேஷ் இல்லாததால் மட்டும் நடந்தது என்று சொல்லவில்லை. ஆனால் இதையும் பார். அதே பருவத்தில் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி ஐ-லீக் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டு அணி ஒன்று நாட்டின் ஒரு லீக்கில் முதலிடம், இன்னொன்று மற்ற லீக்கில் கடைசியிடம்! அதிலும் சென்னை சிட்டியில் நம் பையன்கள் நிறைய. எட்வின் அங்கிருந்துதான் நம் கிளப்புக்கு வந்தார். நந்தகுமாரும் அங்கே ஆடியவர்தான். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு அந்த ஒரே கோலைப் போட்டு கொல்கத்தாவில் பாதியைப் பைத்தியமாக்கினாரே, அந்தக் கோலை நான் ஐம்பது முறை பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் பெருமையும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வரும். சென்னைப் பையன், சிவப்பு மஞ்சளில்.

2020-இல் இறுதி ஆட்டத்துக்கு வந்ததும் நல்ல கதைதான். கோச் ஓவன் கோய்ல் நடுவில் வந்து, அடியில் கிடந்த அணியைத் தூக்கி நிறுத்தினார். வால்ஸ்கிஸ் 15 கோல். ஆனால் கொரோனாவால் காலி ஸ்டேடியத்தில் 3-1 என்று தோற்றோம். ஆள் இல்லாத இறுதி ஆட்டம் எனக்கு இறுதி ஆட்டமாகவே தோன்றவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை நீளமாக எழுத மனம் இல்லை. கோச் மாறுவார், வெளிநாட்டுக்காரர்கள் மாறுவார்கள், ஒரு பருவம் தவிர, பட்டியலின் கீழ்ப்பாதி மாறாது. போன பருவம் 13 அணிகளில் 11-வது இடம். கேலரியில் மேளம் அடிக்கும் தம்பிகள் மட்டும் மாறவே இல்லை. ஒரு ஆட்டத்தில் எண்ணிக்கை இருநூறு தேறாது போலிருந்தது, மேளம் நிற்கவில்லை. இவர்கள் யாருக்காக இதைச் செய்கிறார்கள் என்று அன்று நினைத்தேன். எனக்காகவும்தான் என்று இப்போது தெரிகிறது.

கடைசி ஆட்டம் மார்ச் மாதம். ஜாம்ஷெட்பூரை 5-2 என்று அடித்தார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். "அப்பா, இவ்வளவு நல்லா ஆடுறாங்களே, ஏன் கடைசியில இருக்காங்க?" என்று கேட்டாள். அடுத்த வருஷம் பார் என்றேன்.

அடுத்த வருஷம்தான் இது. 2010-இல் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் அதன் வணிகப் பங்காளியும் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் இந்த டிசம்பரில் முடிகிறது. புதுப்பிப்பது எப்படி என்று முடிவாகவில்லை. அதனால் ஜூலையில் லீக்கை நிறுத்தி வைத்தார்கள். லீக் இல்லையென்றால் கிளப்புக்கு வருமானம் இல்லை, சம்பளம் எங்கிருந்து வரும்? கிளப்பைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் கோபமெல்லாம் அடுத்த மாதம் பந்து உருளுமா என்றுகூடச் சொல்ல முடியாத நிலைக்கு இதை வரவிட்டவர்கள் மேல். ஆட்டக்காரனுக்குக் கால் இருக்கும் காலம் பத்து வருஷம். அதில் ஒன்றை யாரோ ஒரு மேஜையில் தொலைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். அணியின் சமையல்காரர், துணி துவைப்பவர், பயிற்சி மைதானத்தில் புல் வெட்டுபவர், இவர்களை எல்லாம் யார் நினைக்கிறார்கள்?

எனக்கு உன்னிடம் மட்டும் சொல்லக்கூடிய ஒரு பயம் இருக்கிறது. இது திரும்பி வராவிட்டால் ஊர் கவனிக்காது. கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலை நிறுத்திப் பார்க்கட்டும், தெரு எரியும். நூறு வருஷத்துக் கிளப் அது. நம்முடையது பதினோரு வயதுப் பிள்ளை, இரண்டு கோப்பை வாங்கிய பிள்ளை, அவ்வளவுதான். கணேஷைப் போல வருஷத்துக்கு இரண்டு பேர் வியாசர்பாடியிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வந்து ஆடியிருந்தால் இன்றைக்கு அந்தத் தெருக்களே வந்து கேட்டிருக்கும், எங்கள் அணி எங்கே என்று. அந்த விதையைச் சரியாகப் போடவில்லை. திரும்பி வந்தால், சோடா, கோப்பைகூட இரண்டாம்பட்சம். நம் பையன்கள் நான்கு பேர் முதல் பதினொன்றில் நிற்கட்டும். தோற்றாலும் போய்ப் பார்ப்பேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடிப் பக்கம் போனேன், சும்மாதான். பத்து வயதுப் பையன்கள் வெறுங்காலில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நீலச் சட்டை போட்டிருந்தான், முதுகில் ஜெஜெயின் எண் 12, பாதி உரிந்திருந்தது. அண்ணன் போட்டதாக இருக்கும். அவன் ஸ்டாப்பராக ஆடினான். நன்றாக ஆடினான்.

டிசம்பரில் வருவதாகச் சொன்னாய், ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வா. சித்தப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அப்புறம், பெங்களூருக்குப் போட்டுக்கொண்டு வந்தாயே அந்த நீலச் சட்டை, அது இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் பையனுக்குப் போட்டுப் பார். இப்போது முட்டி வரை தொங்கும், பரவாயில்லை.

உன்
ஸ்டாப்பர்