பெட்டிக்குள் இருந்த விமானி

அன்பு மகளுக்கு,

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டு. அலமாரியின் அடித்தட்டில் நீ விட்டுப்போன ஸ்பிட்ஃபயர் பெட்டியை, அதுதான் அந்தப் பிரிட்டிஷ் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியை ஒட்டிச் செய்யும் பெட்டியை, திறந்துவிட்டேன். திறந்ததோடு நிற்கவில்லை, ஒட்டியும் விட்டேன். முழங்காலுக்காக மூன்று வாரம் வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள். எத்தனை நேரம்தான் செய்தித்தாளையே திருப்பித் திருப்பிப் படிப்பது?

உள்ளே சாம்பல் நிறச் சட்டங்களில் பாகங்கள் கழற்றாமல் அப்படியே இருந்தன. கூடவே ஒரு தீப்பெட்டி. அதற்குள் பஞ்சில் பொதிந்து விமானி. அவனை மட்டும் பிரித்து வண்ணம் பூசி வைத்திருக்கிறாய். 1/72 அளவு, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்றால் ஆறடி ஆள் ஓர் அங்குலம். உட்கார்ந்திருக்கும் இவன் என் கட்டைவிரல் நகத்தளவுதான். அந்த முகத்துக்கு மீசை வேறு. அந்தக் காலத்தில் எனக்கு இருந்த மீசை.

ஏன் இவனோடு நிறுத்தினாய் என்று குறிப்புத் தாளைப் பார்த்ததும் புரிந்தது. விமானியும் இருக்கையும்தான் முதல் படி. விமான உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டிவிட்டால் அப்புறம் உள்ளே தூரிகை போகாது. இரண்டாம் படிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'அப்பா' என்று எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து செய்வோம் என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை போலிருக்கிறது.

சரி, இரண்டாம் படியிலிருந்து நடந்ததைக் கேள்.

பாகங்களைக் கையால் திருகிப் பிய்த்தேன். முதல் தப்பு. சக்கரக் கால் ஒன்றில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. பிறகு நகவெட்டிக்கு மாறினேன். ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் காம்பு விட்டு வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்தால் தடமே தெரியவில்லை. எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் அலசவும் செய்தேன். அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காகப் பூசும் எண்ணெய்ப் பசை பாகங்களில் மிச்சமிருந்தால் பெயின்ட் பிடிக்காதாம்.

இதற்கென்று உள்ள பசை நாம் காகிதத்துக்குப் பூசும் பசை மாதிரி இல்லை. அது பிளாஸ்டிக்கையே கரைக்கிறது. கரைந்த இரண்டு விளிம்புகளும் ஒன்றோடொன்று கலந்து இறுகுகின்றன. அதனால்தான் அப்படி ஒரு பிடி. இதை நான் தெரிந்துகொண்டது இடது இறக்கையின் மேல். விளிம்பில் வழிந்ததைக் கட்டைவிரலால் துடைத்தேன் பார், ரேகை அப்படியே பதிந்துவிட்டது. தேய்த்துப் பார்த்தேன், முக்கால்வாசி போயிற்று. மீதி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஒட்டினேன், கவலைப்படாதே.

இறக்கையின் அடியில் வைக்க வேண்டிய இரண்டு பெட்டி போன்ற பாகங்கள் ஒன்று பெரிதும் ஒன்று சின்னதுமாக இருந்தன. வேறு விமானத்தின் பாகம் கலந்துவிட்டது என்று அரை நாள் பொருமிக்கொண்டிருந்தேன். நிஜத்திலேயே அப்படித்தானாம். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் வலப்பக்கம் இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர், இடப்பக்கம் எண்ணெயைக் குளிர்விக்கும் சின்னக் குழல். 1936 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்த விமானம். அதை வடிவமைத்த மிட்செல் மறு வருடமே இறந்துவிட்டார். படையில் அது சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை. இதெல்லாம் அந்தச் சின்னப் பெட்டியால் படித்தது.

இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஒரு சீட்டு நுழையும் அளவுக்கு இடைவெளி. பசையைத் தொடும் முன் வெறுமனே பொருத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இடைவெளியை அடைக்கும் புட்டிப் பசையை வைத்து, காய்ந்ததும் 400 நம்பர் உப்புத்தாள், பிறகு இன்னும் நைசான 1000. இறக்கை நுனிகள் கொஞ்சம் மேல்நோக்கி நிற்க வேண்டும், இரண்டும் ஒரே உயரத்தில். நுனிக்கு ஒன்றாக ஒரே மாதிரி இரண்டு அழிப்பான்களை முட்டுக் கொடுத்து ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் அளந்தால் நுனிக்கு நுனி 15.6 சென்டிமீட்டர். 72-ஆல் பெருக்கிப் பார், நிஜ விமானத்தின் 11.23 மீட்டர் வந்துவிடுகிறது. இந்த வயதில் இதற்கெல்லாம் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இனி நீ நிஜமாகவே திட்டப்போகும் இடம். விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியைச் சூப்பர் குளூ வைத்து ஒட்டினேன். பத்து நிமிடத்தில் கண்ணாடிக்குள் வெள்ளையாகப் புகை படிந்தது போல ஆகிவிட்டது, உன் மீசைக்காரன் பனிமூட்டத்துக்குள் போய்விட்டான். அந்தப் பசை காயும்போது வரும் ஆவி வேலை அது. மெதுவாக நெம்பி எடுத்து, பழைய பனியனில் பற்பசை தொட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். பெரும்பாலும் தெளிந்துவிட்டது; பின்பக்க மூலையில் மட்டும் லேசாக மங்கல். இந்த முறை வெள்ளைப் பசைதான். காய்ந்தால் கண்ணுக்கே தெரியவில்லை.

பெயின்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் பூச்சைக் கெட்டியாக அடித்து, பாகங்களின் மேல் செதுக்கியிருந்த கோடுகளெல்லாம் மூடிப்போய், துடைத்துவிட்டு, தண்ணீராக்கி மூன்று தடவை அடித்தேன். பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே எல்லைக்கோடு வளைந்து வளைந்துதான் போகிறது. அப்படித்தான் போக வேண்டும் என்பதால் தப்பித்தேன்.

டிகால்களில், அதாவது தண்ணீரில் நனைத்து விமானத்தின் மேல் ஒட்டும் படையின் வட்டச் சின்னம், எண் இவற்றில் மட்டும் கை வைக்கவில்லை. இத்தனை வருடத்தில் தாள் மஞ்சளாகிவிட்டது. வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் மஞ்சள் வெளுக்கும் என்கிறார்கள், வைத்திருக்கிறேன். பழைய டிகால் தண்ணீரில் போட்டதும் சுக்குநூறாகவும் செய்யுமாம். மேலே தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு தெளித்துக்கொண்டால் தாங்கும். அதுவும் வாங்கி வைத்தாகிவிட்டது. ஈரமான டிகாலைத் தூரிகை நுனியால் நகர்த்தி இடத்தில் உட்கார வைக்க நடுங்காத கை வேண்டும். இந்த மீசையை வரைந்த கைதான் அதற்குச் சரி.

அதுவரை வட்டமும் எண்ணும் இல்லாமல், எந்தப் படைக்காரன் என்று சொல்ல முடியாத நிலையில் உட்கார்ந்திருக்கிறான். வருகிற தேதியை எழுது.

உன்
அப்பா

பி.கு.: தீப்பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. ஒட்டாமல் மிஞ்சிய ஒரு பாகம் அதில் இருக்கிறது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை, வந்து பார்.