மாடியில் பூப்பது பிரம்ம கமலம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழில் வந்த இமயமலைப் பயணக் கட்டுரையை ஆசையாகப் படித்தேன். அதில் பிரம்ம கமலம் என்று போட்டிருந்த படம், எங்கள் காட்பாடி வீட்டு மாடித் தொட்டியில் வருஷா வருஷம் பூக்கும் வெள்ளைப் பூ. நிஷாகந்தி என்பார்கள். மெக்சிகோ பக்கத்துக் கள்ளி வகை. இலை மாதிரித் தெரிவது அதன் தட்டைத் தண்டு; அதன் ஓரத்தில்தான் மொட்டு தொங்கும். ராத்திரி விரிந்து விடிவதற்குள் வாடிவிடும். அது பூக்கிற அன்று பக்கத்து வீட்டாரெல்லாம் மாடி ஏறி வந்து கற்பூரம் காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன். அந்தப் பூ மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் நிஜ பிரம்ம கமலத்தை மூன்று வருஷத்துக்கு முன், ஆகஸ்ட் கடைசியில், உத்தராகண்டில் கங்காரியா கிராமத்திலிருந்து ஹேம்குண்ட் சாகிப் என்ற சீக்கியக் கோயிலுக்கு ஏறும் பாதையில் பார்த்தேன். ஆறு கிலோமீட்டர்தான், நாள் முழுக்க ஏறுவது போல இருந்தது. மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தபோது, பாறை இடுக்கில், முழங்காலுக்கும் கீழே நின்றது. முட்டைகோஸின் உள்ளிலை நிறம், எண்ணெய்க் காகிதம் போன்ற மெல்லிய மடல்கள். அவை இதழ்கள் அல்ல. குளிரும் மழையும் தாக்காமல் பூவைப் பொத்தி வைக்கும் உறை. குனிந்து உள்ளே பார்த்தால்தான் ஊதா நிறத்தில் பொடிப் பூக்கொத்து தெரிகிறது. சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, பகலில் பூப்பது. சுமார் 3,700 மீட்டருக்கு மேலேதான் வளரும்.

எங்களோடு வந்த ஒருவர், "நம்ம வீட்லயும் இருக்கே, இந்த ஜாதியும் ஒண்ணு வைப்போம்" என்று வேரோடு பிடுங்கப் போனார். வழிகாட்டிப் பையன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். வேலூர் வெயிலில் அது ஒரு நாள் தாங்குமா? பூஜைக்கும் மருந்துக்கும் பறித்தே பல இடங்களில் அருகிவிட்ட செடி அது. பெயர்க் குழப்பம் சின்ன விஷயம் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் மலர்ப் பள்ளத்தாக்கில் ஆளுயரச் செடி ஒன்றின் காயை என் நாத்தனார் தொட்டார். பட்டென்று வெடித்து விதை தெறித்தது. "அண்ணி, நம்ம காசித்தும்பை!" என்றார். உண்மைதான், அதே பேரினத்துச் செடி. நம் வாசல் செடிக்கு அங்கே உறவு என்றால் அதுதான்.

திருத்தம் வெளியிடும்போது, மடலுக்குள் இருக்கும் ஊதாப் பூ தெரிகிற மாதிரிப் படமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காட்பாடி