அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே

அன்பு மகளுக்கு,

லேசர் என்று செய்துகொண்டதில் உன் கன்னம் வெந்துபோனதைக் காட்டி நேற்று இரவு நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தோம். அம்மா ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மூன்று வாரமாகக் கேமரா சரியில்லை என்று நீ சொல்லிக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

“அழகு பார்க்கப் போனதற்குக் கிடைத்த தண்டனை” என்று எழுதியிருக்கிறாய். மற்றதெல்லாம் பிறகு. முதலில் இதற்குப் பதில் சொல்கிறேன். உனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது உன் முகப்பருவைப் பற்றி வருகிறவர் போகிறவரெல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவாய். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரையாவது “போதும், நிறுத்துங்கள்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து, நீ சம்பாதித்த பணத்தில், அந்தத் தழும்புகளைப் போக்கிக்கொள்ள ஒரு சிகிச்சையகத்தின் படியேறினாய். இதில் தண்டிக்க என்ன இருக்கிறது? பல் வலி என்று போகிறவரிடம் காட்ட வேண்டிய கவனம் அத்தனையும் உன்னிடமும் காட்டியிருக்க வேண்டும். அதை அவர்கள் காட்டவில்லை என்றால் வெட்கப்பட வேண்டியவள் நீ இல்லை.

இப்போது சிகிச்சையகம் உன்னிடம் நீட்டியிருக்கும் அந்தத் தாள். பாதிப் பணம் திரும்ப வரும், மூன்று முறை இலவசமாகச் சரிசெய்து தருவார்கள், பதிலுக்கு “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதித் தர வேண்டும். கையெழுத்துப் போடாதே. இதை உன் அப்பாவாக மட்டும் சொல்லவில்லை. 31 வருடம் மருத்துவமனைப் பதிவேட்டு அறையில் வேலை பார்த்தவனாகவும் சொல்கிறேன். உன் தோல் எந்த அளவுக்குத் தேறும், எவ்வளவு காலம் ஆகும், எவ்வளவு செலவாகும் என்று ஒருவருக்கும் இன்று தெரியாது. தெரியாத ஒன்றுக்கு இன்றே விலை பேசச் சொல்கிறார்கள். அந்த இலவசச் சிகிச்சையும் வேண்டாம். வெந்த தோலில் அதே கையால் இன்னொரு முறை சூடு வைத்துக்கொள்ள உன்னை நான் விடமாட்டேன்.

அந்த இரண்டாவது படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கன்னத்தில் காதோரத்திலிருந்து தாடை வரை ஏழு பட்டைகள். ஒவ்வொன்றும் ஒரே அகலம், ஒரே நீளம், நான்கு மூலையும் நேராக. ஒவ்வாமையோ வெயிலோ பருவோ இப்படி அளவெடுத்துக் கட்டம் போடாது. அந்தக் கருவியின் முனையில் இருக்கும் கண்ணாடிச் சன்னலின் அச்சு அது. “உங்கள் தோலுக்குக் கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை” என்று அவர்கள் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்தப் பதிலை உன் கன்னமே மறுக்கிறது. இந்தத் தடயம் நாளாக ஆக மங்கும், மங்கத்தான் வேண்டும். அதனால் வாரம் ஒரு முறை, அதே சன்னலருகில், அதே நேரத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடு. அழகாக்கும் செயலி எதையும் தொடாதே. மூலப் படத்தை அப்படியே வேறோர் இடத்திலும் சேமித்து வை.

எல்லாரும் பேச்சுவழக்கில் லேசர் என்கிறார்கள். உனக்குச் செய்தது லேசர்தானா, ஒளித்துடிப்புக் கருவியா என்பதே நமக்குத் தெரியாது, இரண்டும் ஒன்றில்லை. லேசர் ஒரே அலைநீளத்தில் ஒளியைப் பாய்ச்சும். மற்றது ஏறக்குறைய 500 முதல் 1200 நானோமீட்டர் வரை பல அலைநீளங்களைச் சேர்த்துப் பாய்ச்சும். குறிப்பிட்ட நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகும், சுற்றியுள்ள திசு தப்பித்துக்கொள்ளும் என்ற கொள்கையை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1983-இல் எழுதினார்கள். ஆனால் நம்முடையதைப் போன்ற பழுப்புத் தோலில் மேல்தோலிலேயே மெலனின் என்ற நிறமி நிறைய இருக்கிறது. ஒளி உள்ளே போய்ச் சேர்வதற்குள் அதுவே வாங்கிச் சூடாகிவிடும். தோலை அதன் நிறத்தையும் வெயிலில் அது நடந்துகொள்ளும் விதத்தையும் வைத்து ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுமுறை இந்தத் துறையில் அரிச்சுவடி. அதில் நாம் நான்கிலோ ஐந்திலோ வருவோம். அந்த வகைக்கு ஆற்றலைக் குறைக்க வேண்டும், 1064 நானோமீட்டர் போன்ற நீண்ட அலைநீளம் பாதுகாப்பானது, முதலில் காதோரம் சிறிய இடத்தில் சோதித்துக் காத்திருந்து பார்க்க வேண்டும் என்பதெல்லாம் புதிய கண்டுபிடிப்புகள் இல்லை. போன அன்றைக்கே முழு முகத்திலும் செய்தார்கள் என்கிறாய். எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், உன்னை வீணாக உசுப்பிவிட விரும்பவில்லை. பக்கவிளைவு வந்தது என்பதாலேயே தவறு நடந்தது என்று ஆகிவிடாது. கவனமாகச் செய்தாலும் சிலருக்குத் தோல் கறுக்கும். நீ நிறுவ வேண்டியது வேறு: திறமையுள்ள ஒருவர் எடுத்திருக்கும் கவனத்தை இவர்கள் எடுக்கவில்லை, அதனால்தான் இந்தக் காயம் வந்தது என்பதை. அதற்குப் பதிவேடு வேண்டும். சிகிச்சைக் குறிப்பு, ஒப்புதல் படிவம், அவர்கள் எடுத்த ‘முன்’ படங்கள், கருவியின் பெயர், வைத்த ஆற்றல் அளவு, துடிப்பின் நேரம், கருவியைப் பிடித்தவரின் பெயர், அவருடைய தகுதி. எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேள், தேதி போட்டுக் கேள். தொலைபேசியில் பேசினால், பேசி முடித்த கையோடு “இன்று நீங்கள் சொன்னது இது” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடு.

ஏன் உடனே கேட்கச் சொல்கிறேன் தெரியுமா? ஒருமுறை வழக்குக்காக ஒரு கோப்பை எடுத்தேன். “முன்சோதனை செய்யப்பட்டது” என்று ஒரு வரி, இரண்டு வரிகளுக்கு நடுவே நெருக்கி எழுதியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அலுவலக முத்திரையின் ஊதா மைக்கு மேலே பேனா மை ஏறியிருந்தது. முத்திரை குத்திய பிறகு எழுதிய வரி அது. எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்லவில்லை. நகல் உன் கையில் வந்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று பயப்படுகிறாய். அந்தக் கையெழுத்து சிகிச்சை செய்ய அனுமதி. கவனக்குறைவாகச் செய்ய அனுமதி இல்லை. அதோடு, “கறுத்துப் போகுமா?” என்று நீ இரண்டு முறை கேட்டதாகவும் “ஒன்றும் ஆகாது” என்று பதில் வந்ததாகவும் சொன்னாயே, அதை மறக்காமல் எழுதி வை. ஆஸ்திரேலியாவில் ரோஜர்ஸ் எதிர் விட்டேகர் என்று ஒரு வழக்கு. சிறுவயதில் ஒரு கண் பழுதான பெண்மணி. அறுவை செய்தால் அந்தக் கண்ணின் தோற்றம் மேம்படும், பார்வையும் திரும்பலாம் என்றார்கள். ஆபத்து என்னென்ன என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நல்ல கண்ணும் போய்விடக்கூடும் என்பதை மருத்துவர் சொல்லவில்லை, போயிற்று. ஏறக்குறைய 14,000-இல் ஒருவருக்கு நேரும் ஆபத்துதான். ஆனாலும் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று 1992-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. நீ இருக்கும் இடத்தின் சட்டம் வேறாக இருக்கலாம். ஆனால் நீ கேட்ட கேள்விக்கு எடை உண்டு என்பதற்காக இதைச் சொன்னேன்.

இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பார். உன் சிகிச்சையகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவராக இருக்கட்டும். என்ன காயம், எதனால் வந்திருக்கலாம், தேற எவ்வளவு காலமாகும் என்று அவரிடம் எழுதி வாங்கு. தோலுக்காகவும் அவர் வேண்டும். இப்படி வரும் கருமை பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்லத்தான் மங்கும்; ஆழத்தில் இறங்கியிருந்தால் இன்னும் நாளாகும். வெயில் படாமல் பார்த்துக்கொள், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத வெயில் தடுப்புப் பூச்சு போடு. தேய்க்காதே, உரிக்காதே. தோழி சொன்னாள் என்று ஸ்டீராய்டு கலந்த கிரீமைத் தொடாதே.

பிறகு புகார். முதலில் சிகிச்சையகத்துக்கே எழுத்தில் அனுப்பு: நடந்தது என்ன, நீ கேட்பது என்ன, எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்று. பதில் வராவிட்டால் மருத்துவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு இருக்கிறது, நுகர்வோர் வழி இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. பதிவு அமைப்பு ஒருவரின் உரிமத்தைக் கேள்வி கேட்கும். இழப்பீடு பெரும்பாலும் மற்ற வழிகளில்தான் வரும். வழக்குக்குக் காலவரம்பு உண்டு, அதை முதல் சந்திப்பிலேயே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடு. கோபத்தில் அவர்கள் பெயரைப் போட்டு வெளியில் எழுதிவிடாதே. உன் கையில் இருப்பது நல்ல வழக்கு. அதை அவதூறு வழக்காக அவர்கள் திருப்ப இடம் கொடுக்க வேண்டாம். ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வை, நீ விடுப்பு எடுத்த நாட்களையும் குறித்து வை.

புகாரின் முதல் வரைவை எழுதி எனக்கு அனுப்பு. தேதிகளை நான் சரிபார்க்கிறேன், அந்த வேலை எனக்குக் கை வந்தது. ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது கேமராவைப் போடு. அம்மா அழுதால் அழட்டும். அவளுக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டும், எனக்கும்.

அன்புடன்,
அப்பா