கையால் இயக்கும் எதிர்எடை லிப்டுக்குத் தனிச் சோதனைப் படிவம் கோரி மனு

அனுப்புநர்
கையால் இயக்கும் லிப்டுகளைப் பொருத்திப் பராமரிக்கும் மெக்கானிக்குகள், பட்டறைத் தொழிலாளர்கள்.

பெறுநர்
தலைமை லிப்ட் ஆய்வாளர் அவர்கள்,
லிப்ட் ஆய்வுத் துறை.

பொருள்: எதிர்எடையின் துணையோடு கையால் இயங்கும் ஆள் ஏற்றும் லிப்டுகளை மின்லிப்டுக்கான படிவத்தில் ஆய்வு செய்வதைக் கைவிட்டு, தனிச் சோதனைப் படிவம் வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மோட்டாரே இல்லாத லிப்டுக்கு மோட்டாரின் திறன் என்ன, மின்சாரம் போனால் கூண்டைத் தளத்துக்குக் கொண்டுவரும் பேட்டரி உண்டா என்று கேட்கும் படிவத்தை வைத்துத்தான் இப்போது ஆய்வு நடக்கிறது. "பொருந்தாது" என்று எழுதியே பாதிப் பக்கங்கள் நிரம்பிவிடுகின்றன. மீதிப் பக்கங்கள் கேட்பது ஒன்றே: கயிறு அறுந்தால் கூண்டு விழாமல் நிற்குமா? அவசியமான கேள்விதான். ஆனால் கையியக்க லிப்டுக்கே உரிய ஆபத்து கீழே விழுவதில் இல்லை, மேலே பாய்வதில் இருக்கிறது. அதைச் சோதிக்கப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. இம்மனு அந்தக் கட்டத்துக்காகத்தான்.

ஒருவர் மட்டும் ஏறும், இரண்டு மாடி (6 மீட்டர்) உயரமுள்ள லிப்டை எடுத்துக்கொள்வோம். கூண்டு 90 கிலோ. ஏறுபவர் 70 கிலோ. எதிர்எடை 150 கிலோ. கூண்டுப் பக்கம் 10 கிலோ மட்டுமே அதிகம். உச்சியில் 320 மில்லிமீட்டர் கப்பியில் இரண்டு கம்பிக் கயிறுகள் ஓடுகின்றன. அதே அச்சில் 640 மில்லிமீட்டர் கைச்சக்கரம். அதிலிருந்து முடிவில்லாக் கயிறு ஒன்று கூண்டுக்குள் வந்து திரும்புகிறது. சக்கரம் கப்பியைப் போல இரு மடங்கு என்பதால் 10 கிலோ வித்தியாசம் கைக்கு 5 கிலோவாகத்தான் தெரியும். உராய்வுக்கு இன்னொரு 6 கிலோ. ஆக 11 கிலோவுக்கு மேற்படாத இழுப்பில் ஆள் மேலே போய்விடலாம். பதிலுக்கு 3 மீட்டர் ஏற, இழுப்பவரும் கூண்டோடு ஏறுவதால், 9 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். கை மாற்றிக் கை மாற்றிப் பதினைந்து இழுப்பு. வேகம் நொடிக்கு 15 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும்.

இந்த லிப்ட் இவ்வளவு சுலபமாக ஏறுவதற்கு எது காரணமோ, அதுவே அதன் ஆபத்துக்கும் காரணம். ஆள் இறங்கியதும் கூண்டு வெறும் 90 கிலோ. மறுபக்கம் 150 கிலோ அப்படியே தொங்குகிறது. தரைத்தளத்தில் பூட்டாமல் இறங்கினால் 60 கிலோ வித்தியாசம் கூண்டை மேலே இழுக்கும். உராய்வைக் கழித்துக் கணக்கிட்டாலும் இரண்டு நொடிக்குள் 3 மீட்டர் ஏறி, அப்போது நொடிக்கு 3 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கையால் இழுக்கும் வேகத்தைப் போல இருபது மடங்கு. ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே இருப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அதே நேரத்தில் 150 கிலோ இரும்பு குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

"பிரேக் இருக்கிறதே" என்று ஆய்வின்போது சொல்லப்படுவதுண்டு. பிரேக் சக்கரத்தைப் பிடிக்கிறது, கூண்டைப் பிடிப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது கப்பிப் பள்ளத்தில் கயிறு கடிக்கும் பிடிமானம் மட்டும்தான். சாதாரண வட்டப் பள்ளத்தில், எண்ணெய்ப் பசை படிந்த கயிறு அரைச்சுற்று சுற்றியிருக்கும்போது, இரு பக்க எடையும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேறுபட்டாலே கயிறு வழுக்கத் தொடங்கிவிடும். காலிக் கூண்டில் 150-க்கு 90, அதாவது 1.67 மடங்கு. சக்கரம் அசையாமல் நிற்கும், கயிறு வழுக்கும், கூண்டு ஏறும். இதனால்தான் வி வடிவப் பள்ளம் வெட்டுகிறோம். அதுவும் தேயும். தேய்ந்ததைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், டார்ச் போதும்: பள்ளத்தின் இரு பக்கங்கள் மின்னினால் கயிறு சரியாகக் கடித்து நிற்கிறது, அடி மின்னினால் கயிறு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது, பிடிமானம் போய்விட்டது. நல்லெண்ணத்தோடு கயிற்றுக்கு கிரீஸ் பூசிவிடுகிறவர்களால் இது இன்னும் மோசமாகிறது. கிரீஸ் பேரிங்குக்கும், கூண்டு பாதை மாறாமல் ஓட நிறுத்தியிருக்கும் கைடு ரயிலுக்கும்தான். இந்தக் கயிற்றுக்கு மிக மெல்லிய பூச்சுக்கு மேல் கூடாது.

ஆகவே கூண்டை நிறுத்த வேண்டிய இடம் கைடு ரயில். தளத்துக்குத் தளம் ரயிலில் கனத்த தட்டு பற்றவைத்து அதில் துளையிட்டு, கூண்டிலிருந்து 20 மில்லிமீட்டர் இரும்பு ஊசி ஒன்று அதற்குள் போய் உட்கார வேண்டும். ஊசி முழுதாக உட்கார்ந்தால்தான் கதவின் கொண்டி விலக வேண்டும்; கதவு மூடினால்தான் ஊசியை உருவ முடிய வேண்டும். இரண்டையும் இணைக்க ஒரு தட்டைக் கம்பியும் சுருள்வில்லும் போதும், மின்தொடர்பு எதுவும் வேண்டாம். பயணியின் நினைவாற்றலை நம்பி "இறங்கும்முன் பூட்டவும்" என்று பலகை மாட்டுவது பாதுகாப்பு ஆகாது. அந்த ஊசிக்கு 60 கிலோ ஒரு பொருட்டே அல்ல. தேய்வது ஊசி அல்ல, துளை. வட்டத்துளை முட்டை வடிவமாகிவிட்டால் ஊசி பாதியில் நின்று, கொண்டி மட்டும் விலகத் தொடங்கும். ஆய்வில் பார்க்க வேண்டியது துளையைத்தான்.

விழுதடுப்பானைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. 1854-இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் மேடையில் நின்றபடி கயிற்றை அறுக்கச் சொல்லிக் காட்டினாரே, அந்த அமைப்பின் வம்சம்தான் இன்றும் பல கையியக்க லிப்டுகளில் இருக்கிறது: கயிறு தளர்ந்ததும் வில் விரிந்து, பல் ரயிலைக் கடிக்கும். கூண்டு மேலே பாயும்போது கயிறு அறுபடவில்லை, தளரவும் இல்லை, விறைப்பாகவே இருக்கிறது. ஆகவே அந்தத் தடுப்பான் அசையவே அசையாது. மேல்நோக்கிய பாய்ச்சலை நிறுத்த, கயிற்றின் தளர்ச்சியை அல்லாமல் வேகத்தைப் பார்த்து வேலை செய்யும் இயந்திரக் கவர்னரும், இரு திசையிலும் ரயிலைக் கடிக்கும் ஆப்பும் வேண்டும். இல்லையென்றால் தடுப்பானை எதிர்எடைச் சட்டத்திலும் பொருத்தி அதே கவர்னரால் இயக்கலாம். எதிர்எடை இறங்குவது நின்றால் கூண்டு ஏறுவதும் நிற்கும்.

எடைச் சமநிலையைச் சோதிக்கக் கூண்டையும் எதிர்எடையையும் கழற்றி நிறுக்க வேண்டியதில்லை. ஒரு தொங்கு தராசு போதும். வழக்கமாக ஏறுபவரின் எடைக்குச் சமமான பாரத்தைக் கூண்டில் வைத்து, கூண்டை நடுவழியில் நிறுத்தி, கூண்டுக்கு வெளியே நின்று கைக்கயிற்றில் தராசைக் கொக்கியிட்டு ஒரே சீராக மேலேற்ற எவ்வளவு, கீழிறக்க எவ்வளவு என்று படிக்க வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் உராய்வு. கழித்துப் பாதியாக்கினால் எடை வித்தியாசம். மேலே சொன்ன லிப்டில் ஏற்ற 11, இறக்க 1. ஆக உராய்வு 6, வித்தியாசம் 5. ஓராண்டு கழித்து 17-ம் 7-ம் காட்டினால் வித்தியாசம் அதே 5, உராய்வு 12 ஆகிவிட்டது: பேரிங் காய்ந்திருக்கும், அல்லது ரயிலைப் பற்றி ஓடும் கைடு ஷூ ரயிலை உரசும். மரத்தால் ஆன ரயில் என்றால் மழைக்காலத்தில் ஊதியிருக்கும். மாறாக ஏற்ற 14 ஆகி, இறக்கும்போது கூண்டு தானாகவே இறங்கி 2 கிலோ பிடித்து நிறுத்த வேண்டியிருந்தால், உராய்வு அதே 6, வித்தியாசம் 8. கைச்சக்கரத்தின் இரு மடங்கைக் கணக்கில் சேர்த்தால் கூண்டுப் பக்கம் 6 கிலோ கூடியிருக்கிறது. யாரோ தரையில் புதிதாகப் பலகை அடித்திருப்பார்கள். பத்து நிமிட வேலை இது. படிவத்தில் இரண்டே எண்கள் எழுத இடம் கொடுத்தால் போதும். லிப்டின் உடல்நிலை வருடா வருடம் தெரிந்துகொண்டே இருக்கும்.

கம்பிக் கயிற்றின் எடையையும் மறந்துவிடக் கூடாது. 8 மில்லிமீட்டர் கயிறு மீட்டருக்குச் சுமார் 220 கிராம். இரண்டு கயிறு, 6 மீட்டர் என்றால் 2.6 கிலோ, கூண்டு கீழே இருக்கும்போது அது கூண்டுப் பக்கம், உச்சிக்குப் போனதும் எதிர்எடைப் பக்கம். கீழிருந்து மேலே போவதற்குள் சமநிலை 5 கிலோவுக்கு மேல் மாறிவிடுகிறது. ஆகவே மேலே பாயும் இழுப்பு அதிகம் இருப்பது மேல்தளத்தில், காலிக் கூண்டில். பூட்டூசியின் சோதனையை ஆய்வாளர் நிற்க வசதியான தரைத்தளத்தோடு முடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கயிறு அறுவதைவிட, கயிறு முனையில் நழுவுவதற்கே அதிகம் அஞ்ச வேண்டும். 8 மில்லிமீட்டர் கயிறு தாங்கும் உச்ச பாரம் மூன்றரை டன் அளவில் இருக்க, இங்கே தொங்குவது 160 கிலோதான். ஆனால் முனையை மடக்கி யு கிளாம்ப் போடும்போது தவறு நடக்கிறது. கிளாம்பின் அடிக்கட்டை பாரம் தாங்கும் நீளக் கயிற்றின் மேலும், யு வளைவு வெட்டிவிட்ட குட்டை முனையின் மேலும் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் யு வளைவு பாரக் கயிற்றையே நசுக்கும். மூன்று கிளாம்ப், ஒன்றுக்கொன்று 50 மில்லிமீட்டர் இடைவெளி, மூன்றும் ஒரே பக்கம் பார்த்தபடி. பாரம் ஏறியதும் கயிறு கொஞ்சம் மெலியும், நட் தளரும். முதல் நாள் ஓட்டத்துக்குப் பின் மீண்டும் முடுக்காத கிளாம்ப், போடாத கிளாம்புக்குச் சமம். புதுக் கயிறு நீளவும் செய்யும். நீண்டால் எதிர்எடை குழியின் அடியில் மோதலைத் தாங்கும் பஃபரில் முன்கூட்டியே உட்கார்ந்து, கூண்டு மேல்தளத்துக்கு இரண்டு விரற்கடை கீழேயே நின்றுவிடும். ஊசி துளைக்கு நேர் வராது. அப்போது துளையைப் பெரிதாக்கிச் சரிசெய்துவிடுகிறார்கள். கயிற்றைத்தான் குறுக்க வேண்டும்.

எதிர்எடைக்கு வார்ப்பிரும்புத் தகடுகளே நல்லது. கான்கிரீட் கட்டைக்கு மூன்று மடங்கு இடம் வேண்டும். மணல் பெட்டியோ ஈரம் குடித்து எடை கூடிவிடும். தகடுகள் நடுக்கம்பியில் கோத்து நட்டும் ஊசிப்பூட்டும் போட்டிருக்க வேண்டும், வெறுமனே அடுக்கியிருக்கக் கூடாது. குழியிலிருந்து இரண்டரை மீட்டர் உயரம் வரை எதிர்எடைப் பாதைக்குக் கம்பிவலை கட்டாயம். கைக்கயிறு பருத்தியோ மணிலாவோ, 20 மில்லிமீட்டர் தடிமன். நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் தளர்ந்து சக்கரத்திலிருந்து கழலும், அதனால் கீழ்ச்சக்கரம் எடைகட்டித் தொங்கவிடப்பட்டதாக இருக்க வேண்டும். நைலான் வகைகள் கையில் வழுக்கும்.

எல்லா இடத்துக்கும் இது ஏற்றது என்று நாங்கள் வாதாடவில்லை. பல எடையுள்ள பலர் நாள் முழுதும் ஏறி இறங்கும் கட்டடத்துக்கு இது உதவாது. 70 கிலோவுக்குச் சமன்செய்த லிப்டில் 95 கிலோ ஆள் ஏறினால் 35 கிலோ கீழே இழுக்கும். சிறுவன் தனியாக ஏறினால் மேலே இழுக்கும். ஒரே ஆள், ஏறத்தாழ ஒரே எடை, இரண்டு மாடி: அந்த எல்லைக்குள் இது நல்ல இயந்திரம். அமெரிக்காவின் ஏ17.1 லிப்ட் விதித்தொகுப்பில் கையியக்க லிப்டுக்கென்று தனிப் பகுதி இருப்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். படிவத்தில் பொருந்தவில்லை என்று அனுமதி மறுத்தால் இந்த லிப்டுகள் நின்றுவிடப் போவதில்லை. ஆய்வே இல்லாமல் ஓடும்.

ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவற்றுக்கு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்:

1. கையால் இயக்கும் எதிர்எடை லிப்டைத் தனி வகையாக அறிவித்து, ஒரு பயணி, இரண்டு மாடி உயரம் என்ற வரம்புக்குள் அனுமதி வழங்க வேண்டும்.

2. புதிய படிவத்தில் "காலிக் கூண்டு, மேல்தளம், பிரேக் தளர்த்திய நிலை, பூட்டூசி மட்டும்" என்ற சோதனை கட்டாயமாக இடம்பெற வேண்டும். ஊசி உட்காராதபோது கதவு திறக்கிறதா என்பதை ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

3. பிரேக், வில்லால் தானே பிடிப்பதாகவும் மிதித்தால் மட்டுமே விடுவதாகவும் இருக்க வேண்டும். இழுத்தால் பிடிக்கும் பழைய வகைக்கு அனுமதி கூடாது.

4. மேல்நோக்கிய வேகத்தையும் தடுக்கும் கவர்னர் அமைப்பு வேண்டும். ஏற்கெனவே ஓடும் லிப்டுகளில் இதைப் பொருத்த உரிய அவகாசம் தர வேண்டும். பூட்டூசிக்கும் கதவுப் பிணைப்புக்கும் அவகாசம் தர வேண்டாம்.

5. தொங்கு தராசு அளவுகள் இரண்டையும், எந்த எடைக்குச் சமன்செய்யப்பட்டது என்பதையும் படிவத்திலும் கூண்டுக்குள் தகட்டிலும் பதிக்க வேண்டும். பயன்படுத்துபவர் மாறினால் மறுசோதனை செய்ய வேண்டும்.

மாதிரிப் படிவம் ஒன்றை வரைந்து தரவும், ஆய்வாளர்கள் முன்னிலையில் மேற்சொன்ன சோதனைகளைச் செய்து காட்டவும் நாங்கள் தயாராக இருக்கிறோம். அதற்கு ஒரு நாளைக் குறித்துத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையியக்க லிப்ட் பராமரிப்புத் தொழிலாளர்கள்