அவரைப் ‘படிக்காதவர்’ என்று சொல்லாதீர்கள்

ஜூலை 15 அன்று காமராஜர் பிறந்தநாள் விழா நடத்தும் தலைமையாசிரியர்களுக்கும், பேச்சுப்போட்டிக்கு உரை எழுதித் தரும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இந்த வருஷ உரை இந்நேரம் தயாராகிக்கொண்டிருக்கும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து ‘படிக்காத மேதை’ என்று ஆரம்பிக்காதீர்கள்.

போன வருஷம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன், யாரோ எழுதிக்கொடுத்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். “காமராஜர் படிக்கவில்லை, ஆனாலும் நாட்டை ஆண்டார்” என்ற இடத்தில் ஒரே கைதட்டல். பக்கத்தில் இருந்த என் மகன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, சரி, அதை விடுங்கள்.

பள்ளியைப் பாதியில் விட்டார், உண்மைதான். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார், விருதுநகரில் மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். ஆனால் செய்தித்தாளையும் பொதுக்கூட்டத்தையும் விடவில்லை. ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தபோது அவருக்கு வயது 15. அப்புறம் சிறை. உப்புச் சத்தியாகிரகத்துக்குப் போனவரைக் கொண்டுபோய்க் கல்கத்தா அலிப்பூரில் அடைத்தார்கள், 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்துக்குப் பிறகு இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கும் அமராவதியில், ஆக மொத்தம் ஆறு முறை, 3,000 நாட்களுக்கு மேல். நம் பிள்ளைகள் பட்டம் வாங்குவதே மூன்று வருஷத்தில்தான், இவருடையது எட்டு வருஷத்தைத் தாண்டிய கணக்கு. அங்கே உட்கார்ந்துதான் புத்தகங்களைப் படித்தார், ஆங்கிலத்தையும் தேற்றிக்கொண்டார். 1954இல் முதலமைச்சரானபோது அரசாங்கக் காரியமெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடந்தது, தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமே அவர் காலத்தில் 1956இல்தான் நிறைவேறியது. அப்படிப்பட்டவரைப் படிக்காதவர் என்று எப்படிச் சொல்ல மனசு வருகிறது? ‘பள்ளியில் படிக்க முடியாதவர்’ என்று சொல்லுங்கள், சரியாக இருக்கும். தனக்கு அமையாததால்தானே பள்ளிக்கூடத்தில் சோறும் போட்டு மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

இன்னொன்றும் கவனித்தேன். மாலை போட்ட அவர் படத்தை அன்றைக்கு வைத்திருந்தது நூலக அலமாரி மேலே. அலமாரிக்குப் பூட்டு. கண்ணாடிக்கு உள்ளே சில புத்தகங்கள் இன்னும் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் அன்று ஒரு நாளாவது படத்தை நாற்காலிக்கு மாற்றிவிட்டு அலமாரியைத் திறந்து வையுங்கள். பரிசுக்கு டிபன் பாக்ஸ் வாங்கும் காசில் புத்தகம் வாங்குங்கள், ஜெயித்த பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா