உன் திரைக்கதைக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வேண்டும்

அன்பு மகளுக்கு,

திரைக்கதையைப் படித்தேன். பெரிய மனிதர் மேடையில் ஒழுக்கம் பேசுகிறார், அடுத்த காட்சியில் கையும் களவுமாக மாட்டிக்கொள்கிறார். அங்கேதான் நையாண்டி சப்பென்று ஆகிவிடுகிறது. ஒரே ஆள் மாட்டினால், "அவன் கெட்டவன்" என்று சொல்லிவிட்டுப் பார்ப்பவர்கள் நிம்மதியாக எழுந்து போய்விடுவார்கள்.

திருத்துவதற்கு முன், ரோல்ஃப் தீலே 1958இல் எடுத்த 'தாஸ் மெட்சென் ரோஸ்மாரி' என்ற ஜெர்மன் படத்தைப் பார். ஃபிராங்க்ஃபர்ட்டில் ரோஸ்மாரி நிட்ரிபிட் என்ற பாலியல் தொழிலாளி 1957இல் தன் வீட்டிலேயே கொலையுண்டு கிடந்தாள். வயது 24. கொன்றது யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி மளமளவென்று பணம் பார்த்த காலம் அது. அவளிடம் வந்துபோனவர்களில் பெரும்புள்ளிகளும் உண்டு. மறு ஆண்டே அவள் கதையை வைத்து இந்தப் படம் வந்துவிட்டது. வெனிஸ் திரைப்பட விழாவில் அதைத் திரையிட மேற்கு ஜெர்மன் வெளியுறவு அமைச்சகமே எதிர்ப்புத் தெரிவித்தது.

தொழிலதிபர்கள் இதில் கூட்டமாகவே வருகிறார்கள். கறுப்பு மெர்சிடிஸ் கார்கள் அணிவகுத்து ஹோட்டலுக்குள் நுழைவதைக் கவனி. ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஆனாலும் சிரிப்பு வருகிறது. யாரையும் தனியாகப் பழித்துவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

அடுத்தது டேப் ரெக்கார்டர். பிரெஞ்சுக்காரர் ஒருவர் ரோஸ்மாரிக்கு நடை உடை பாவனை பழக்கி, வருகிறவர்கள் உளறும் தொழில் ரகசியங்களைப் பதிவுசெய்ய வைக்கிறார். அவள் செய்யும் தொழில் அந்தக் கனவான்களை ஒருநாளும் உறுத்தவில்லை. பேசியது பதிவாகியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அடிவயிறு கலங்குகிறது. அவர்களுடைய ஒழுக்கம் எவ்வளவு என்பதை அந்த ஒரு பெட்டி அளந்து காட்டிவிடுகிறது. உன் கதையில் அப்படியொரு பொருள் இல்லாததால் எல்லாப் பாரத்தையும் வசனமே சுமக்கிறது.

தெருப்பாடகர்களாக வரும் மரியோ அடோர்ஃபும் யோ ஹெர்ப்ஸ்டும் கட்டியங்காரன் மாதிரி நடுநடுவே பாடிக் கதையை வெட்டுகிறார்கள். பரிதாபம் ஊறும் நேரத்தில் பாட்டு வந்து நம்மை மறுபடி யோசிக்க வைக்கிறது.

நாத்யா டில்லர் ரோஸ்மாரியாக நடித்திருப்பதை மட்டும் இரண்டாம் முறை தனியாகப் பார். கேலி அவள்மேல் விழவே கூடாது. உன் ஏழாவது காட்சியில் அந்தப் பெண்ணின் உடையைப் பார்த்துச் சிரிக்க வைத்திருக்கிறாயே, எனக்கு மனசு கேட்கவில்லை. முதலில் அதை வெட்டு. பிறகு மேடைப் பேச்சை எடுத்துவிட்டு, ஒருவரைப் பார்த்து ஒருவர் தலையாட்டும் நாலு பேரை அங்கே உட்கார வை. எழுதி முடித்ததும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா