ஐசியூவுக்கும் அறுவை அரங்குக்கும் பொதுவாக ஓர் அல்ட்ராசவுண்ட் கருவி கோரும் மனு

அனுப்புநர்:
மயக்கவியல் மருத்துவர்,
அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம்,
தேனாம்பேட்டை, சென்னை - 6.

பொருள்: தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கையருகே பயன்படுத்த அல்ட்ராசவுண்ட் கருவி வழங்கக் கோருதல் - தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

எங்கள் மருத்துவமனையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷின் இருக்கிறது. ஆனால் அது தரைத்தளத்தில், மாலையானால் பூட்டிவிடும் அறையில். ஐசியூ இரண்டாவது மாடியில்.

போன மாதம் ஒரு நள்ளிரவு, பூச்சிமருந்து குடித்து வென்டிலேட்டரில் இருந்த இளைஞருக்கு ஆக்சிஜன் அளவு மளமளவென்று இறங்கியது. வலப்பக்கம் மூச்சுச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிட்டதா, சளி அடைத்ததா? காற்று என்றால் நெஞ்சில் குழாய் போட வேண்டும். சளி என்றால் உறிஞ்சி எடுக்க வேண்டும். சளி அடைத்திருக்கும்போது காற்று என்று நினைத்து ஊசியைக் குத்தினால் நாங்களே நுரையீரலில் ஓட்டை போட்டதாகிவிடும். பிபி தாங்கியதால் எக்ஸ்ரேவுக்காகக் காத்திருந்தோம். படம் கைக்கு வர 40 நிமிடம். அதுவரை சிஸ்டர், கையால் அழுத்திச் சுவாசம் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே இருந்தார். கதவருகே நின்ற அம்மா, "பையனுக்கு என்னாச்சு டாக்டர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. காற்றுதான். குழாய் போட்டோம், பிழைத்தார்.

கருவி பக்கத்தில் இருந்திருந்தால் அதன் புரோபை (உடல்மேல் வைத்துப் பார்க்கும் முனையை) நெஞ்சில் வைத்து, மூச்சுக்கு மூச்சு நுரையீரல் உறை வழுக்குகிறதா என்று பார்த்திருப்பேன். வழுக்கினால் அந்த இடத்தில் காற்று இல்லை. வழுக்கவில்லை என்றால் அது எங்கே நின்றுபோகிறது என்ற எல்லையைத் தேடலாம். எல்லை கிடைத்தால் காற்று என்பது உறுதி. ஓரிரு நிமிட வேலை. மூச்சுத்திணறலின் காரணத்தை இப்படிப் படுக்கையிலேயே பிரித்தறியும் 'ப்ளூ' முறையைப் பிரான்சின் தீவிர சிகிச்சை மருத்துவர் லிஷ்டென்ஸ்டைன் 2008-இலேயே வெளியிட்டுவிட்டார்.

டெங்கு காலத்தில் குளுக்கோஸ் பாட்டிலை எப்போது நிறுத்துவது என்பதற்கும், கழுத்துச் சிரையில் சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரை வரை செல்லும் மருந்துக் குழாய்) போடுவதற்கும் இதே கருவிதான் வேண்டும். சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2002-லேயே கழுத்துச் சிரைக்கு அல்ட்ராசவுண்டைப் பரிந்துரைத்தது. நாங்கள் இன்னும் தமனித் துடிப்பை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் ஊசி போடுகிறோம். அவசர அறுவை சிகிச்சைக்கு வருபவர் எப்போது சாப்பிட்டார் என்று சொல்ல ஆளில்லாதபோது, வயிறு நிறைந்திருக்கிறதா என்பதையும் இதிலேயே பார்த்துவிடலாம்.

கருவி கேட்டால், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டத்தைக் காட்டித் தயங்குகிறார்கள். 1994-இல் அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதை உசிலம்பட்டியின் பெண்சிசுக் கொலைகளை அறிந்த நம் மாநிலத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் தளர்வு எதையும் நான் கேட்கவில்லை. பதிவு பெற்ற வளாகத்துக்குள், உள்நோயாளிகளுக்குக் கையடக்கக் கருவியைப் பயன்படுத்த விதிகளே இடம் தருகின்றன. முறையாகப் பதிவு செய்து கொடுத்தால் போதும்.

ஆகவே சிரை, வயிறு, இதயம் மூன்றையும் பார்க்கத் தனித்தனி புரோப்களுடன் ஒரு கையடக்கக் கருவியை ஐசியூவுக்கும் அறுவை அரங்குக்கும் பொதுவாக வழங்கவும், அதன் சாவி இரவுப் பணி மருத்துவரிடம் இருக்க உத்தரவிடவும், பணி மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். பயிற்சிக்கு என் விடுப்பு நாள்களிலும் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மயக்கவியல் மருத்துவர்